யாழ்ப்பாணத்தில் பழைய ஜீப் வாங்கமுன்: ஒரு 120 பிராடோவை அடியிலிருந்து சோதித்த பதிவு

வாகனம்: டொயோட்டா பிராடோ 120, 2006 தயாரிப்பு, 2982 சிசி 1கேடி டீசல் எஞ்சின், ஐந்து கியர் ஓட்டோ. மீற்றர் 168,000 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கிறது. அதிகம் ஓடியது யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதியிலும். விற்பவர் சொன்ன குறை ஒன்றுதான்: "பின் ஏசி கொஞ்சம் குளிர் காணாது."

பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே முதலில் செய்வது, பொனற்றைத் திறந்து ஸ்ராட் பண்ணச் சொல்லிக் காது கொடுப்பது. சத்தம் வடிவாக இருந்தால் பாதி முடிவு அங்கேயே எடுபட்டுவிடும். இந்தப் பதிவு அந்த ஒழுங்கை மாற்றச் சொல்கிறது. எஞ்சினில் வரும் எந்தக் குறைக்கும் ஒரு பாகமும் ஒரு கூலியும் உண்டு. எழுதிக் கூட்டி விலையில் கழிக்கலாம். கறள் தின்ற சேசிஸுக்கு அந்தக் கணக்குப் போட முடியாது. அதனால் கடைசியாகப் பார்க்கிற இடத்தை முதலாவதாகப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில், ஒதுக்கியிருக்க வேண்டிய வாகனங்களும் ஒட்டி, பூசி, கைமாறி ஓடின. இன்று சந்தைக்கு வரும் 15, 20 வயது ஜீப்பில் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேடுவதே பெரிய வேலை.

குடாநாட்டுக்கென்று மூன்று விடயங்கள் இருக்கின்றன. ஒன்று உப்பு. பண்ணை, பொன்னாலை, வேலணை–புங்குடுதீவுத் தாம்போதிகள், வல்லை வெளி, சங்குப்பிட்டி என்று கடல்நீரேரியை ஒட்டிய பாதைகளில் தினமும் ஓடிய வாகனத்தின் அடிப்பாகம் வவுனியாவில் ஓடியதைவிட வேறு கதை சொல்லும். இரண்டாவது கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரை றேடியேற்றருக்குள் வருடக்கணக்காக ஊற்றினால் கேத்திலில் படிவது அங்கேயும் படியும். மூன்றாவதை அதிகம் பேர் யோசிப்பதில்லை: இங்கே ஏற்றம் இல்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஐந்து நிமிடத்தில் வெளிப்படும் குறை யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் ஒளிந்திருக்கும்.

அடிப்பாகம்

பார்க்க வரும்முன் வாகனத்தைக் கழுவவோ அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கவோ வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வைக்க வேண்டும். சேர்விஸ் ஸ்ரேஷன் ஹொயிஸ்றில் அரை மணித்தியாலம் ஏற்றி வாங்குவது நல்லது. அது இல்லையென்றால் உறுதியான நிலத்தில் நாலு ஸ்ராண்டில் நிறுத்த வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. கையில் வேண்டியவை: நல்ல ரோச், 300 கிராம் அளவான சின்னச் சுத்தியல், தட்டை முனை ஸ்குரூட்றைவர், வளைந்த கம்பித்துண்டு, கம்பி பிரஷ்.

பிராடோவுக்கு உடம்பு வேறு, சேசிஸ் வேறு. சேசிஸ் சட்டம் பெட்டி வடிவில் மூடிய இரும்பு. கறள் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் தொடங்கும். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டால் உப்புத் தண்ணீர் மாரி முழுக்க உள்ளே நிற்கும். கம்பியைத் துளைக்குள் விட்டுக் கிளறினால் மண் மட்டும் விழுந்தால் பரவாயில்லை. படையாகக் கழன்ற இரும்புத் தகடு விழுந்தால், எத்தனை படை விழுகிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பிறகு சுத்தியல். பலமாக அடிக்க வேண்டியதில்லை. முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு கணீரென்று திருப்பிச் சொல்லும். தின்னப்பட்ட இடத்தில் சத்தம் மங்கும், உள்ளே துகள் சரசரக்கும். மங்கிய இடத்தில் ஸ்குரூட்றைவரை வைத்து உள்ளங்கையால் அமத்த வேண்டும். முனை இறங்கினால் அங்கேயே சோதனையை நிறுத்திவிட்டு நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

இந்த மொடலில் அதிகம் போகும் இடங்கள்: பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து போகும் பகுதி, பின் கீழ் லிங்குகள் பூட்டும் கொழுக்கிகள், ஸ்பெயர் சில்லைத் தாங்கும் குறுக்குச் சட்டம், உடம்பு இருக்கும் ரப்பர் மவுண்டுகளின் கீழ்த் தட்டுகள், முன் கீழ் ஆம் (முன் சில்லைத் தாங்கும் இரும்புக் கை) பூட்டும் இடம்.

இந்த ஜீப்பில் வளைவுப் பகுதி மேல் கறள் மட்டும். கம்பி பிரஷால் தேய்த்ததும் இரும்பு தெரிந்தது, சத்தம் தெளிவு. இடது பின் லிங்குக் கொழுக்கியில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் படை கழன்றது, ஸ்குரூட்றைவர் இறங்கவில்லை. சந்தேகம் தந்தது ஸ்பெயர் சில்லுக் குறுக்குச் சட்டம். மற்ற இடமெல்லாம் பழைய தூசியோடு இருக்க, அங்கே மட்டும் ஒரு கையகலம் புதிய கறுப்புப் பூச்சு. விற்பவரின் அனுமதியோடு இரண்டு அங்குலம் சுரண்டினோம். அடியில் பழைய பெயின்ற்தான் இருந்தது, வெல்டிங் இல்லை, புட்டி இல்லை. நீளச் சட்டத்தில் எங்காவது தட்டு வைத்து வெல்டிங் பிடித்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வாகனம் வேண்டாம்.

மொண்டெரோ பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1999 இல் வந்த தலைமுறையிலிருந்து அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. சட்டம் உடம்போடு சேர்ந்தது. ஆகவே படிக்கு உள்பக்கமும் தரைத்தகடும்தான் அங்கே சேசிஸ். எக்ஸ்ரெயில் வகைகளில் ஜக் வைக்கும் இடங்கள், பின் அப்சோபர் மேல் பூட்டும் இடம், எஞ்சின் தாங்கும் சப்-பிறேம் மூன்றையும் தட்ட வேண்டும்.

சேசிஸோடு ஓடும் குழாய்களை விடக் கூடாது. பிறேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில்தான் உப்பு தங்கும். நகத்தால் சுரண்டும்போது குழாயில் குழி தட்டுப்பட்டால் அந்த நீளம் முழுவதையும் மாற்ற வேண்டும். இரட்டை ஏசி உள்ள ஜீப்பில் பின்பக்கத்துக்கு அலுமினியக் குழாய் இரண்டு கீழால் போகும். உப்பில் அவை வெள்ளைப் பூவாகப் பொரியும். இந்த ஜீப்பில் வலது பின் சில்லுக்கு முன்னால் அந்த வெள்ளைப் பொரிவும், அதைச் சுற்றி ஒயில் பிசுக்கும் இருந்தன. ஏசி வாயு ஒழுகும்போது கொம்பிரசர் ஒயிலும் சேர்ந்து வரும். பிசுக்கு அதன் அடையாளம். பின் ஏசி குளிர் காணாததற்கு விடை அங்கேதான்.

உப்பில் ஓடிய பிராடோவில் முன் கீழ் ஆமின் கேம் போல்றுகளும் செலவு வைக்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு. சில்லின் சாய்வை அளவு பார்த்துத் திருப்புவது இவற்றால்தான். போல்ற் ரப்பர் புஷ்ஷின் உள் இரும்போடு கறள் பிடித்து ஒட்டிவிட்டால் திரும்பாது. நட்டைத் தளர்த்திப் பார்க்க விற்பவர் விடாவிட்டால் வேறு வழி உண்டு: அலைன்மென்ற் செய்து அச்செடுத்த தாளை வாங்கிப் பார்க்கலாம். காம்பர், காஸ்ரர் என்ற சாய்வு அளவுகள் எல்லைக்கு வெளியே சிவப்பிலேயே நிற்க, ரோ (சில்லுகள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) மட்டும் சரிசெய்திருந்தால் போல்ற் இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் இடது பக்கம் அப்படித்தான். முன் இடது ரயர் உள்விளிம்பில் தேய்ந்திருந்ததும் அதோடு ஒத்துப் போனது.

ரயர் பார்க்கும்போது தயாரிப்புக் குறியையும் பார்த்துவிட வேண்டும். நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்; 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் வயது போன ரயர் பக்கச்சுவரில் வெடிக்கும்.

டிபரன்ஷல் ஒயில் ஐந்து நிமிட வேலை. பின் டிபரன்ஷலின் நிரப்பும் மூடிக்கு 24 மில்லிமீற்றர் சொக்கற். வடிக்கும் மூடியைத் தொடமுன் நிரப்பும் மூடி கழலுகிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும்; வடித்த பிறகு மேல் மூடி இறுகிக் கிடந்தால் வாகனம் அந்த இடத்திலேயே நிற்கும். சின்னிவிரலை விட்டு ஒயிலை எடுத்து வெள்ளைத் துணியில் தடவ வேண்டும். பால் தேத்தண்ணி நிறம் கண்டால் வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓடியிருக்கிறது: சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுக்கும். இங்கே ஒயில் கறுத்திருந்தது, தண்ணீர் இல்லை.

தண்ணீர்

றேடியேற்றர் மூடியை எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். உள்ளே டொயோட்டாவின் சிவப்போ இளஞ்சிவப்போ கூலன்ற் தெரிந்தால் நல்ல சகுனம், ஆனால் அது போதாது. விற்கமுன் பழைய தண்ணீரை வடித்துப் புதிதை ஊற்றுவது ஒரு மணித்தியால வேலை. நிறத்தை மாற்றலாம், படிவை அவ்வளவு சுகமாக எடுக்க முடியாது.

மூடியின் அடியிலும் கழுத்தின் உள்விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருந்தால் ஸ்குரூட்றைவர் முனையால் கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் வைத்து வினாகிரி ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இந்த ஜீப்பில் கூலன்ற் புதுச் சிவப்பு, படிவு பொங்கியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், பல காலம் கிணற்றுத் தண்ணீரில் ஓடி, அண்மையில்தான் கூலன்ற் மாற்றியிருக்கிறார்கள் என்று வருகிறது.

அடுத்தது, படிவு குழாய்களை அடைத்திருக்கிறதா என்பது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்திவிட்டு, விசிறிப் பக்கத்திலிருந்து லேசர் வெப்பமானியை றேடியேற்றர் முகத்தில் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். சூடான தண்ணீர் வரும் பக்கத்திலிருந்து போகும் பக்கம்வரை வெப்பம் படிப்படியாக இறங்கினால் சரி. நடுவில் ஒரு திட்டு மட்டும் திடீரென்று குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் ஓடவில்லை. இதில் கீழ் மூலையில் சுற்றியிருந்ததைவிடப் பல பாகை குறைந்த ஒரு திட்டு இருந்தது. றேடியேற்றர் மாற்று என்று தாளில் ஏறியது.

விசிறி கிளச்சும் அதே நேரத்தில்: எஞ்சின் சூடாக, நிறுத்திய நிலையில் விசிறியைக் கையால் சுழற்றினால் எதிர்ப்புத் தெரிய வேண்டும். தட்டிவிட்டதும் சும்மா சுற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் சிலிக்கன் ஒயில் போய்விட்டது.

ஹெட் கஸ்கற் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் வாயுவையும் தண்ணீரையும் பிரிக்கும் தகடு) சந்தேகத்துக்கு நீலத் திரவச் சோதனை. றேடியேற்றர் வாயில் கண்ணாடிக் குழாயை வைத்து, எஞ்சின் ஓட மேலெழும் காற்றைத் திரவத்தினூடாக இழுக்க வேண்டும். சிலிண்டர் வாயு கலந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். கூலன்ற் திரவத்தில் தொட்டுவிடாமல் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விடை பிழைக்கும். இங்கே நீலமாகவே நின்றது. பழைய 1கேஸட் எஞ்சின் பிராடோ பார்ப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவறவே விடக் கூடாது. அதில் ஹெட் வெடிப்பது தெரிந்த வருத்தம்.

குளிர்ந்த எஞ்சின், பிறகு ஸ்கானர்

போய்ச் சேரும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் அன்று பார்த்துப் பிரயோசனமில்லை. காலையில் வருகிறோம், ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

திறப்பைப் போட்டதும் டாஷ்போர்ட்டில் எந்த விளக்கு எரிகிறது என்பதைவிட எந்த விளக்கு எரியவில்லை என்பதுதான் முக்கியம். எஞ்சின் விளக்கு, ஒயில் விளக்கு, ஏயர்பாக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியாத விளக்கு கழற்றிய விளக்காக இருக்கலாம். 1கேடிக்கு ரைமிங் பெல்ற் உண்டு. 1 லட்சம் கிலோமீற்றரைத் தவணையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தவணை வந்தால் டாஷ்போர்ட்டில் பெல்ற் விளக்கு எரியும். பெல்ற் மாற்றாமலே அந்த விளக்கை அணைக்கவும் முடியும். ஆகவே கராச் பில் வேண்டும். இல்லையென்றால் பெல்ற், அதை இறுக்கும் ரென்ஷனர், தாங்கும் ஐட்லர் மூன்றின் விலையையும் கழிக்க வேண்டும். மொண்டெரோவின் 4எம்41 டீசல் எஞ்சினில் பெல்றுக்குப் பதில் செயின். அதில் குளிரில் முன்பக்கம் செயின் கிலுகிலுக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பற்றரி: ஓய்வில் 12.6 வோல்ற், ஸ்ராட் ஆகும்போது 9.6 க்குக் கீழே இறங்கக் கூடாது, ஓடும்போது 13.8 இலிருந்து 14.4.

1கேடியின் உண்மையான வருத்தம் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்ரரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர். அது இறுக்கம் விட்டால் எரிந்த வாயு மேலே றொக்கர் கவருக்குள் வரும். அந்தக் கரி ஒயிலோடு கலந்து இறுகி, கீழே சம்பில் (எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) ஒயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடையும். வலை அடைந்தால் ஒயில் ஏறாது. பேரிங்கும் ரேர்போவும் போகும். ஓட்டுபவருக்கு முன்கூட்டித் தெரிவது கொஞ்சம்தான். எஞ்சின் நல்ல சத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் இது வளர்கிறது. காது கொடுத்து வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

மூன்று இடத்தில் தடம் பிடிக்கலாம். ஒயில் ஊற்றும் மூடியைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவினால் மெல்லிய கறுப்பு ஒயில் வழுக்க வேண்டும்; நறநறக்கும் கட்டிக் கரி வரக் கூடாது. இன்ஜெக்ரர்களின் மேல் பகுதியில் ரோச் அடித்துப் பார்த்தால் ஈரக் கறுப்புப் படிவு தெரியும், சில வேளை ஐடிலில் "சிக், சிக்" என்று வாயு தப்பும் சத்தமும் கேட்கும். டிப்ஸ்ரிக்கில் மட்டம் உச்சக் கோட்டுக்கு மேலே போய் டீசல் மணந்தால் இன்ஜெக்ரரோ குழாயோ உள்ளே ஒழுகுகிறது.

ஸ்கானரைக் கொழுவி, எஞ்சின் சூடாகி, ஏசி நிறுத்தி, ஐடிலில் நாலு இன்ஜெக்ரரின் திருத்த அளவைப் பார்க்க வேண்டும். ஐடிலைச் சமமாக வைக்க ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒவ்வொரு சிலிண்டருக்கும் கூட்டிக் குறைக்கும் டீசல்தான் அது. ஒவ்வொன்றும் +3 க்கும் −3 க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த ஜீப்பில் ஒன்று, இரண்டு, நாலு மூன்றும் எல்லைக்கு நன்றாக உள்ளே, மூன்றாவது +3.4. மூடியின் அடியிலும் கட்டிக் கரி. இரண்டும் ஒரே திசையைக் காட்டின: வாஷர் மாற்று, சம்ப் திற, மூன்றாம் இன்ஜெக்ரரைச் சோதனை மேசைக்கு அனுப்பு. மலிவு ஸ்கானர் எல்லாவற்றிலும் இந்த அளவு வராது. டொயோட்டாவின் தனி மென்பொருளோ அதற்கு ஈடானதோ வைத்திருக்கும் கராச்சுக்குக் கொண்டு போக வேண்டும். பிழைக்குறி எதுவும் இல்லாவிட்டால் அதையும் அப்படியே நம்பக் கூடாது. குறிகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தைச் சில வாகனங்கள் சொல்லும். அது பத்துக் கிலோமீற்றர் என்றால் நேற்று அழித்திருக்கிறார்கள்.

ஏற்றமில்லாத ஊரில் பாரம் கொடுப்பது

ஓடிப் பார்ப்பது மத்தியான வெயிலில் இருக்க வேண்டும். ஐந்து பேர் ஏற வேண்டும், முன் ஏசி பின் ஏசி இரண்டும் உச்சத்தில். நாவற்குழி தாண்டி ஏ9 இல் சாவகச்சேரிப் பக்கம் நேரான பாதையில், ஆள் நடமாட்டம் பார்த்து, 20 இலிருந்து 70 வரை முழு மிதியில் இழுத்து, மெதுவாக்கி, திரும்பவும் இழுக்க வேண்டும். சட்ட வேகத்துக்குள்ளேயே போதுமான பாரம் கிடைக்கும். தண்ணீர் வெப்பத்தை ஸ்கானரில் பார்த்துக்கொண்டு வர வேண்டும். டாஷ்போர்ட் முள்ளை நம்பக் கூடாது, வெப்பம் கணிசமாக ஏறும்வரை நடுவிலேயே நிற்கும் விதமாகத்தான் அந்த முள்ளை வைத்திருக்கிறார்கள். 90 பாகை செல்சியஸை ஒட்டி ஏறி இறங்கினால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் ஏறி, இறங்காமல் 100 ஐத் தாண்டினால் அந்த ஜீப் ஹற்றனுக்குப் போகாது.

இழுப்பு முடிந்ததும் வெயிலிலேயே நிறுத்தி ஏசியோடு 20 நிமிடம் ஐடிலில் விட வேண்டும். பாதையில் காற்று உதவிசெய்யும். நிற்கும்போது விசிறியும் றேடியேற்றரும்தான். இங்கே ஓட்டத்தில் 93 ஐத் தாண்டாதது ஐடிலில் 99 க்கு ஏறியது. அடைபட்ட திட்டோடு அது பொருந்துகிறது.

கியர்ப் பெட்டி: ஐந்து கியர் ஓட்டோவுக்கு டிப்ஸ்ரிக் இல்லை, டபிள்யூஎஸ் வகை ஒயில், மட்டம் பார்ப்பது கீழ் மூடியால். சூடான பிறகு 'டி'யிலிருந்து 'ஆர்' என்ற பின்கியருக்கு மாற்றினால் ஒரு செக்கனுக்குள் இலேசாகப் பிடிக்க வேண்டும். தாமதித்து "டொக்" என்று விழுந்தால் உள்ளே தேய்மானம். சமவேகத்தில் 65, 70 இல் போகும்போது இலேசாக மிதியை வைத்துக்கொண்டு இடது காலால் பிறேக்கை மெல்லத் தொட்டால் எஞ்சின் சுற்று சில நூறு ஏற வேண்டும். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் நேரே இணைக்கும் கொன்வேற்றர் பூட்டு பிடிக்கவும் விடவும் செய்கிறது என்று பொருள். அந்த வேகத்தில் கரடுமுரடுப் பாதையில் போகும் அதிர்வு தார் ரோட்டில் வந்தால் அந்தப் பூட்டு வழுக்குகிறது. றேடியேற்றருக்குள்ளேயே கியர் ஒயில் குளிரூட்டி இருப்பதால், உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்றும் கியர் ஒயிலும் கலந்து பெட்டியே போய்விடும். கூலன்ற் போத்திலில் இளஞ்சிவப்பு நுரைக் களிம்பு இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

நாலுசில்லுப் பூட்டை உலர்ந்த தார் ரோட்டில் போட்டுப் பார்க்கக் கூடாது. திரும்பும்போது அச்சுகள் முறுகும். மணற்காட்டு மணலிலோ தோட்டத்துச் செம்மண் வழியிலோ போட வேண்டும். நடு டிபரன்ஷல் பூட்டு விளக்கு கொஞ்ச நேரம் மினுங்கி நிலைக்கும். மினுங்கிக்கொண்டே இருந்தால் அசைவுக் கை இறுகியிருக்கிறது. பாவிக்காமல் வைத்த ஜீப்பில் இது சாதாரணம், ஆனால் திருத்தச் செலவு சாதாரணமில்லை. லோ கியரில் மணலில் மெதுவாக ஏறுவதுதான் யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் மலைக்கு நெருங்கிய பாரம். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அடி கழுவ வேண்டும்.

எக்ஸ்ரெயில் ரி31, ரி32 எடுப்பவர்கள் இந்த நேரத்தைச் சிவிரிக்கு (படியில்லாமல் மாறும் ஓட்டோ கியர்) கொடுக்க வேண்டும்: சூடான பிறகு 20, 30 இல் நடுக்கம், வேகத்தோடு ஏறும் ஊளைச்சத்தம். ரி31 க்கு என்எஸ்2 ஒயில், ரி32 க்கு என்எஸ்3. வேறு ஏதாவது ஊற்றியிருந்தால் விலகுங்கள். முதல் தலைமுறை ஹைபிறிட் ஹொண்டா வெசலுக்கு ஏழு கியர் இரட்டைக் கிளச். அரை மணித்தியாலம் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிச் சூடாக்கிய பிறகு முன்னும் பின்னும் அங்குலம் அங்குலமாக நகர்த்தி உதறலைத் தேட வேண்டும்.

மீற்றர், விபத்து, வெள்ளம், புத்தகம்

மீற்றரை நம்பாமல் பிறேக் மிதி ரப்பர், ஸ்ரியரிங் தோல், சாரதி இருக்கையின் வெளிவிளிம்பு மூன்றையும் ஒப்பிட வேண்டும். ஜப்பானில் பாவித்து வந்த வாகனமென்றால் சேசிஸ் இலக்கத்தை வைத்து, அங்கே ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதிய தாளைத் தேடலாம். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் வருடக் குறியெல்லாம் ஒத்துப் போக வேண்டும். ஒரு கண்ணாடி மட்டும் வேறென்றால் அந்தப் பக்கத்தைக் கவனியுங்கள். பெயின்ற் தடிப்புமானியில் தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 90 இலிருந்து 150 மைக்ரோன். 200 க்கு மேல் மறுபூச்சு, 500 க்கு மேல் புட்டி. இதில் பின் இடது கதவு 300 ஐ ஒட்டி; கதவின் உள்விளிம்பும் தூணும் தொழிற்சாலை வெல்டிங்கோடு அப்படியே. கீறலுக்கு அடித்த பூச்சு, பரவாயில்லை.

சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்து, இழுபட்ட முனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரைவிரிப்பைத் தூக்கினால் இருக்கையின் தண்டவாளம் தெரியும். அங்கே கறள் கூடாது.

பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் இலக்கத்தை வலது முன் சில்லு வளைவுக்குள் சட்டத்தில் அடித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும், எஞ்சின் இலக்கத்தையும். அந்த இடத்தில் அராவிய தடமோ புதுப் பெயின்றோ இருந்தால் பேச்சை நிறுத்துங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், அது நீக்கப்பட்ட பிறகுதான் காசு. புத்தகத்தில் வேறொருவர் பெயர் இருக்க, கையெழுத்து மட்டும் போட்ட படிவங்களோடு இரண்டு மூன்று கை மாறிய வாகனமென்றால், பதிவு உரிமையாளரை நேரில் சந்திக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். வரி அனுமதிப்பத்திரமும் புகைச் சான்றிதழும் நடப்பு வருடத்துடையதா என்பது கடைசி.

வாங்கிய பிறகு திறந்ததில்

சேசிஸ் தேறியதால் மற்ற எல்லாவற்றையும் பட்டியலிட்டு, கராச்சில் எழுத்தில் வாங்கிய தொகையை விலையில் கழித்து எடுக்கப்பட்டது.

முதலில் சம்பின் கீழ்த் தட்டு. அதற்குக் கஸ்கற் இல்லை, சீலன்ற்தான். கத்தி வைத்துச் சுற்றி வெட்டி எடுக்க வேண்டும், நெம்பினால் விளிம்பு வளையும். உறிஞ்சும் வலையில் மூன்றில் ஒரு பங்கு கரியால் மூடியிருந்தது. இன்னும் கொஞ்ச மாதம் இப்படி ஓடியிருந்தால் முழு எஞ்சினும் போயிருக்கும்.

இன்ஜெக்ரர் நாலும் வெளியே. அடி வாஷர் நாலு, றொக்கர் கவர் சீல் நாலு, திரும்பு குழாய் வாஷர்கள், எல்லாம் புதிது. பழைய செப்பு வாஷரைச் சூடாக்கித் திரும்பப் போடும் வழக்கம் இந்த எஞ்சினில் வேண்டாம். வாஷர் உட்காரும் இருக்கையில் கரித்துணுக்கு ஒன்று மிஞ்சினாலும் ஒழுக்கு திரும்ப வரும்: தட்டை பிரஷ், பிறகு வாக்கியூம், பிறகு ரோச் வைத்துப் பார்த்தல். துகளைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடக் கூடாது. மூன்றாம் இன்ஜெக்ரர் சோதனை மேசையில் திரும்பும் டீசல் கூடுதலாகக் காட்டியதால் மாற்றப்பட்டது. புதியதன் மேல் இருக்கும் குறியீட்டை ஈசியூவில் பதிந்த பிறகு நாலின் திருத்த அளவும் எல்லைக்குள் வந்தது. ஒயில் வடிகட்டியோடு 7 லீற்றர். உள்ளே மிஞ்சிய கரியைக் கழுவி எடுக்க 1,000 கிலோமீற்றரில் மீண்டும் மாற்ற வேண்டும்.

றேடியேற்றர் புதிது. பழைய தண்ணீர் எஞ்சினுக்குள்ளும் நிற்கும் என்பதால், ஆர்ஓ தண்ணீர் நிரப்பி, தேர்மோஸ்ரற் திறக்கும்வரை ஓடவிட்டு வடிப்பதை, தெளிந்து வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். கடைசியாகக் கலந்து வரும் கூலன்ற். தனிச் செறிவு வாங்கினால் வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. வெயிலில் அதே 20 நிமிட ஐடில் இப்போது 91 இல் நிற்கிறது.

கேம் போல்றுகளில் வலது இரண்டும் கறள் ஒயில் ஊற்றி ஒரு இரவு விட்டதும் கழன்றன. இடது இரண்டும் அசையவில்லை. சூடாக்கினால் ரப்பர் புஷ் எரியும். எப்படியும் புஷ் மாறப் போகிறது என்பதால் ஆமுக்கும் கொழுக்கிக்கும் இடையில் வாள் அலகை விட்டு இரு பக்கமும் வெட்டி எடுக்கப்பட்டது. புதிய போல்ற், கேம் தட்டு, புஷ் எல்லாவற்றுக்கும் உள்ளே கிறீஸ் பூசி, வாகனம் நிலத்தில் நின்ற நிலையில்தான் கடைசி இறுக்கு. தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ் முறுகிக் கிழியும். அலைன்மென்ற் தாளில் இடது காம்பர் பச்சைக்கு வந்துவிட்டது.

பின் ஏசி அலுமினியக் குழாய் இன்னும் மாற்றவில்லை. இப்போதைக்குப் பின் கிளையை அடைத்து முன் ஏசி மட்டும் ஓடுகிறது. குழாய் வந்ததும் கிளிப் பிடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் உறை போட்டுத்தான் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாரிக்குப் பிறகு அதே இடத்தில் பொரியும்.